ஆமையண்ணனுக்கு வந்த போன்

இசக்கிசெல்வியை ஏற்றிக்கொள்கிற கம்பெனி பஸ் மத்தியானம் ஒன்று ஐம்பதுக்கு ஒரகடம் கூட்ரோட்டுக்கு வரும். வேல்ராஜை இறக்கிவிடுகிற பஸ் அதே இடத்துக்கு இரண்டே முக்காலுக்குத்தான் வரும். போக வர நடையையும் சேர்த்தால் ஒரு மணி பத்து நிமிஷம். அந்த நேரத்துக்கு நாலரை வயசுப் பாப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்று புருஷனும் பெண்டாட்டியும் கேட்காத இடமில்லை. அவளுடைய சூப்பர்வைசர் மோகன், "ஷிப்ட் மாத்த வழியே இல்லம்மா, ஏழு வருஷம் ஆனவங்களே வரிசைல நிக்கிறாங்க" என்றார். வேல்ராஜின் கம்பெனியில் கேட்கவே முடியவில்லை.

முதல் நாள் ஒரு அவசரத்துக்குத்தான் பூட்டினார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பாப்பாவுக்குத் தயிர்சோறு ஊட்டி, கேஸை அடைத்து, பாத்ரூம் வாளியைக் கவிழ்த்து வைத்து, டிவியைப் போட்டுவிட்டு இசக்கிசெல்வி வெளியே வந்து பூட்டை மாட்டினாள். படியிறங்கினவள் திரும்பி வந்து பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். மூன்று மணிக்கு வேல்ராஜ் போன் பண்ணி, "நல்லா இருக்கா, சிரிச்சிக்கிட்டு இருக்கா" என்றான். மறுநாளும் அப்படியே. ஒரு வாரம் போனதும் பூட்டை இழுத்துப் பார்ப்பது நின்றுவிட்டது. நாலு மாதம் போனதும் அது ஒரு வழக்கமாகிவிட்டது.

இரண்டு மணிக்கு உள்ளூர் கேபிளில் ஆமையண்ணன் என்கிற பொம்மை நிகழ்ச்சி வரும். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செருப்புக்கடை மாடியில் இருந்துதான் அதை எடுத்து நேரடியாக ஒளிபரப்பினார்கள். பச்சைத் துணியில் தைத்த தலை, கவிழ்த்த பிரம்புக்கூடைதான் ஓடு. ஆமையண்ணன் ஒரு கேள்வி கேட்கும். கேட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டு பேசாமல் இருக்கும். வீட்டில் இருக்கிற பிள்ளைகள் பதில் சொல்ல வேண்டும். "கேக்கலையே!" என்று தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிள்ளைகள் இன்னும் பலமாகக் கத்தினால் படக்கென்று வெளியே வரும். டிவியில் யாரும் இப்படிப் பதிலுக்குக் காத்திருந்து இசக்கிசெல்வி பார்த்ததில்லை. காக்கா எப்படிக் கத்தும், யானைக்கு எத்தனை கால், உங்க வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று எல்லாவற்றையும் கேட்கும். கடைசியில், பிள்ளைகள் கூப்பிட்டுப் பேசுவதற்காக, தன்னுடைய போன் நம்பரை ஒவ்வொரு எண்ணாகப் பாட்டாகவே பாடும். பாப்பா எண்களைக் கற்றுக்கொண்டது அந்தப் பாட்டில்தான். அதைப் பெருமையாகப் பஸ்ஸில் சொல்லியிருக்கிறாள் இசக்கிசெல்வி.

அவசரத்துக்கு என்று பட்டன் வைத்த பழைய போன் ஒன்றை டிவி மேல் வைத்திருந்தார்கள்.

கார்த்திகை தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்தே மழை. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பிக்கொண்டிருக்கிறது என்று எல்லார் போனிலும் செய்தி வந்தபடி இருந்தது. கம்பெனியில் இசக்கிசெல்விக்கு வயர்க் கட்டு லைனில் வேலை. காருக்குள் ஓடுகிற வயர்களை, ஆணி அடித்த பெரிய பலகையில் நிறம் பார்த்து இழுத்து மாட்டி, டேப் சுற்றி அனுப்ப வேண்டும். பலகை நகர்ந்துகொண்டே இருக்கும்; கூடவே நடக்க வேண்டும். ஐந்து மணி டீ பிரேக்கில்தான் விரல்களை நீட்டி மடக்க முடியும்.

அன்றைக்கு கேன்டீனில் வெங்காய போண்டா. பக்கத்து லைன் மாரிசெல்வி போனை மேஜை நடுவில் வைத்து, "ஏட்டி, இதைப் பாத்தீங்களா? ஒரகடம் குரூப் பூரா இதுதான் ஓடுது" என்றாள். நாலைந்து தலைகள் குனிந்தன.

பச்சை ஆமை தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தது.

"உங்க பேரு என்ன?"

"பாப்பா."

"பாப்பா குட்டி, பக்கத்துல யாரு இருக்கா? போனை அம்மாகிட்ட குடுங்க."

"அம்மா கம்பெனிக்குப் போயிட்டாங்க."

"அப்பாகிட்ட குடுங்க."

"அப்பா இல்ல."

"அப்ப வீட்டுல வேற யாரு இருக்கா?"

"யாருமே இல்ல. பூட்டிருக்கு. இடி இடிக்கி, ஆமையண்ணா."

ஆமையின் தலை நிமிர்ந்தது. பிறகு, குரல் மாறிப்போய், "உங்க வீடு எங்க இருக்கு கண்ணு?" என்று கேட்டது.

"கிளியம்மா வீட்டு மாடி" என்றது பிள்ளை. அதோடு போன் கட்.

இசக்கிசெல்வியின் வாயில் போண்டா இருந்தது. மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"என்ன பொம்பளம்மா இவ! கதவைப் பூட்டிட்டு கம்பெனிக்கு வர்றாளாம்" என்றாள் ராஜாமணி. பாலூரிலிருந்து வருகிறவள். "அப்பன் வேற இல்லியாம், பாவம். கரண்ட்டு கிரண்ட்டு அடிச்சா யாரு கேக்குறது?"

"நம்ம தெக்குப் பக்கத்து ஊர்க்காரி மாரில்லா இருக்கு. 'இடிக்கி'ன்னு சொல்லுதே பிள்ளை" என்றாள் மாரிசெல்வி. "செல்வியக்கா, ஒங்க பக்கந்தான இந்தக் கிளியம்மா வீடு? யாருக்கா இது?"

எல்லாரும் இவளைப் பார்த்தார்கள்.

"தெரியலட்டி" என்றாள் இசக்கிசெல்வி. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தோன்றியது. "இவளுக்கெல்லாம் பிள்ளை ஒரு கேடா?" என்று தன் வாயாலேயே சொன்னாள். சொன்னது நன்றாக, கோபமாக வந்தது. ராஜாமணி கூட, "அப்படிக் கேளு" என்றாள்.

பாத்ரூமுக்குப் போய் வேல்ராஜுக்குப் போன் பண்ணினாள்.

"பாப்பா இருக்காளா?"

"மடியிலதான் இருக்கா. நானும் அந்த வீடியோவப் பாத்தேன். நீ ஒண்ணும் வாயத் தொறக்காத. பாப்பான்னு தான சொல்லிருக்கா, பேரா சொன்னா? அந்த ஆமைக்காரன் மறுபடி மறுபடி கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். சிம்கார்டக் கழத்தி ஒடைச்சுப் போட்டுட்டேன்."

"ஏங்க, பிள்ளை அழுதாளா?"

"நான் வரும்போது கட்டிலுக்கு அடியில இருந்தா" என்றான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, பாப்பா பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு, கிளியம்மாள் படியேறி வந்தாள். ஐம்பதைத் தாண்டாத, தாட்டியான பெண்மணி. நிலத்தைச் சிப்காட் தொழிற்பேட்டைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் மாடி கட்டி, நாலு போர்ஷன் வாடகைக்கு விட்டிருந்தாள். மழையில் நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே, பக்கத்து போர்ஷன் கதவைத் தட்டினாள். அங்கே சந்தனமாரி இருந்தாள்; ஓட்டப்பிடாரம் பக்கத்துக்காரி. புருஷன் விட்டுப் போய் இரண்டு வருஷம். பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் சமையல் வேலை. விடியற்காலை பிள்ளை மீனுவைத் தோளில் போட்டுக்கொண்டு போய், ஒன்பதரைக்குள் திரும்பி, மறுபடி சாயங்காலம் போவாள்.

கிளியம்மாள் எடுத்த எடுப்பிலேயே, "இன்னாமே, என் பேரை டிவியில ஏத்திட்ட?" என்றாள். "மறைமலை நகர்லேந்து என் நாத்தனா போன் போட்டுக் கேக்கறா, உன் வூட்டு மாடியில கொயந்தைய பூட்டி வெக்கிறாங்களாமேன்னு. எங்க மூஞ்சிய வெச்சிக்கிறது?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள் சந்தனமாரி. "மீனு எப்பவும் எங்கூடத்தான் இருப்பா."

"தோ பாரு, மாடியில கொயந்த இருக்கற வூடு ரெண்டுதான். அப்பா இல்லன்னு அந்தப் புள்ள வாயால சொல்லுது. வேற யாரு வூட்ல அப்பா இல்ல? நேத்து மத்தியானம் நீ கொடைய புடிச்சிக்கினு தனியா போனத நானே பாத்தேன்."

"மீனு கொடைக்குள்ள இடுப்புல இருந்தா."

"நல்லா சொல்ற கதை."

இசக்கிசெல்வி தன் வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து உள்ளே போயிருக்கலாம். போனால் சந்தேகம் வரும் என்று உட்கார்ந்தே இருந்தாள்.

கிளியம்மாள் அவள் பக்கம் திரும்பினாள். "செல்வி, நீ சொல்லு. உன் வூட்டுக்காரரு வந்தப்புறந்தானே நீ கெளம்பற?"

அவரைக்காய் நார் விரலில் சுற்றியிருந்தது. "ஆமாம்மா. அவுக வந்துருவாவ" என்றாள்.

சந்தனமாரி திரும்பி அவளைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. ஒரு பதிலுக்குக் காத்திருக்கிறவள் பார்க்கிற மாதிரி. இசக்கிசெல்வி குனிந்து நறுக்கினாள்.

"மாசம் முடிய பத்து நாள் கீது. வேற எடம் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கிளியம்மாள் இறங்கிப் போனாள்.

இதற்கு முன்னால் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். நாலு மாதத்துக்கு முன்பு, பூட்டுப் போட ஆரம்பித்த வாரத்தில், சந்தனமாரியே வந்து கேட்டாள்: "யக்கா, மத்தியானம் நான் சும்மாதான் கெடக்கேன். பாப்பாவ எங்கிட்ட விட்டுட்டுப் போயேன். ரெண்டும் வெளையாடட்டும்." இசக்கிசெல்விக்கு ஆசையாகத்தான் இருந்தது. வேல்ராஜ்தான், "புருஷன் இல்லாம தனியா இருக்கவகிட்ட பொம்பளப் பிள்ளைய விடாத. நாலு பேரு நாலு விதமாப் பேசுவான்" என்றான். இவளும் சரி என்றாள். "அவுகளே சீக்கிரம் வந்துருதாவ" என்று சந்தனமாரியிடம் பொய் சொன்னாள். அதற்கப்புறம் சந்தனமாரி கேட்கவில்லை.

அந்த வாரம் முழுக்க இசக்கிசெல்வி லீவு போட்டாள். இரண்டு மணிக்குப் பாப்பா டிவி முன்னால் உட்கார்ந்தாள். ஆமையண்ணன் வந்ததும் முதலில், "பாப்பா, நல்லா இருக்கீங்களா? ஆமையண்ணனுக்கு ஒரு போன் போடுங்க" என்றது. சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தது.

"நல்லா இருக்கேன்!" என்று பாப்பா கத்தினாள்.

"கேக்கலையே" என்றது ஆமை. இந்தத் தடவை விளையாட்டாகச் சொல்லவில்லை.

"நல்லா இருக்கேஏஏன்! அம்மா, ஆமையண்ணனுக்குக் கேக்கலையாம். போனு எங்கம்மா?"

இசக்கிசெல்வி டிவியை அணைத்தாள். பாப்பா அழுதாள். அவளுக்குக் கூழ்வத்தல் பொரித்துக் கொடுத்தாள். மறுநாளும் ஆமையண்ணன் கேட்டது. அதற்கு மறுநாளும் கேட்டது.

வெள்ளிக்கிழமை குழந்தைகள் நலனுக்கு என்று ஒரு அம்மாவும் கூட ஒருவரும் ஜீப்பில் வந்தார்கள். கிளியம்மாள் நேராகச் சந்தனமாரி வீட்டைக் காட்டினாள். அரை மணி நேரம் உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. மீனுவைத் தனியாக வாசலுக்குக் கூட்டிவந்து, "அம்மா உன்னை வீட்டுல விட்டுட்டுப் போவாங்களா? அடிப்பாங்களா?" என்று அந்த அம்மா கேட்டாள். மீனு பாவாடை நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள். நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "மறுபடியும் வருவோம். இனிமே புகார் வந்தா குழந்தைய ஹோம்ல சேர்க்கவேண்டி வரும்" என்று சொல்லிப் போனார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் இசக்கிசெல்வி பாப்பாவின் வாயைக் கையால் மூடியிருந்தாள். ஏன் மூடினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பாப்பா பேசவே இல்லை.

திங்கட்கிழமை முதல், பள்ளிக்கூட ஆயாவிடம் கெஞ்சி மூன்று மணிவரை பிள்ளையை அங்கேயே உட்காரவைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அந்த ஆயா ஒரு வாரத்துக்கு மேல் முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். லைனில் இசக்கிசெல்வி பச்சை வயர் போக வேண்டிய இடத்தில் நீலத்தை மாட்டினாள். ஒன்பது கட்டு திரும்பி வந்தது. மோகன், "என்னம்மா ஆச்சு உனக்கு? இது காருக்குள்ள போறது, பிரேக் லைட் எரியாம ஒருத்தன் சாவான்" என்றார். அவர் சொன்னது சரிதான் என்று நின்றுகொண்டே இருந்தாள்.

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கையில், விடிந்ததுமே இசக்கிசெல்வி சந்தனமாரியின் வீட்டுக்குள் போனாள். சந்தனமாரி ஹாஸ்டலுக்கு லீவு சொல்லிவிட்டு, பாத்திரங்களைப் பழைய சேலையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மீனு தரையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"சந்தனம்."

"சொல்லுக்கா."

"அது எம் பிள்ளை."

சந்தனமாரி முடிச்சை இறுக்கினாள். "தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"ஒரே சொவருதான். அந்த ஆமைக்குப் பதில் சொல்லுத சத்தம் எனக்குக் கேக்காதா? நாலு மாசமா நீ பூட்டு போடுத சத்தமும் கேக்கும், ஒம்புருசன் தொறக்குத சத்தமும் கேக்கும். நடுவுல எனக்கு எங்க ஒறக்கம்? விடியக்காலம் மூணரைக்கு எந்திக்கவ நானு. இந்தச் சொவத்துல சாஞ்சுக்கிட்டு, மீனுவும் நானும் சேந்து கத்துவோம், யானைக்கு நாலு காலுன்னு. அந்தால ஒம் பிள்ளை சிரிப்பா. 'சித்தி இருக்கியா'ன்னு கேப்பா. 'இருக்கேன்'ம்பேன்."

இசக்கிசெல்வி அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். சுவரில் ஒரு சித்தி பேசுகிறாள் என்று பாப்பா எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள். டிவியில் பார்த்ததைச் சொல்கிறாள் என்று நினைத்துத் தலையை வாரிவிட்டிருந்தாள்.

"அன்னைக்கு ஹாஸ்டல்ல ஆளு வரலன்னு கூப்பிட்டாவ. போயிட்டேன்" என்றாள் சந்தனமாரி. "இடி இடிக்கும்போது பிள்ளை கூப்பிட்டுருப்பா. பதில் இல்லன்னதும் அந்த ஆமையக் கூப்பிட்டுட்டா."

"அந்த ஜீப்பு வந்தப்ப, மீனு எங்கூட இருந்தாளான்னு ஹாஸ்டல்ல கேளுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா ஒன்னைய விட்டுருப்பாவள்லா?"

"விட்டுருப்பாவ. பொறவு அடுத்த கதவத்தான தட்டுவாவ? எம் பிள்ளை என் பக்கத்துல நிக்கா, அவள எப்படித் தூக்குவாவ? ஒனக்கு அப்படியில்ல. அந்தப் பிள்ளை பொய் சொல்லாது, கேட்டா எல்லாத்தையும் சொல்லிரும்." முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "ஆனா நீ பெரிய மனுசிதான? அன்னைக்குச் சாயங்காலம் நீ வந்து சொல்லுவன்னு நெனச்சேன். மறுநாளு நெனச்சேன். அவரைக்கா நறுக்கிக்கிட்டு, 'அவுக வந்துருவாவ'ன்னு சொன்ன பாரு, அத நான் மறக்கமாட்டேங்க்கா. நீ பிள்ளையப் பூட்டுனது எனக்குப் புரியுது. அது எனக்குப் புரியல."

"கீழ போயி இப்பவே சொல்லுதேன்."

"சொல்லு. எனக்காகச் சொல்லாத. நான் இங்க இருக்கப்போறதில்ல."

கிளியம்மாள் கீழே இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். இசக்கிசெல்வி வாசலில் நின்றே சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. கேன்டீனில் தான் பேசியதைக்கூடச் சொன்னாள். இட்லிப்பானை மூடியைக் கையில் வைத்தபடி கிளியம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆவி முகத்தில் அடித்தது.

"அந்தப் பொண்ணை நான் இன்னா பேச்சு பேசிட்டேன்" என்றாள் கடைசியில். "நீ பாத்துக்கினு தானே இருந்த?"

"ஆமாம்மா."

"எங்க வூட்டுக்காரரு சொன்னாரு, அவசரப்படாதேன்னு. நான்தான் ஆடினேன்." மூடியை வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு படியேறினாள். சந்தனமாரியின் வாசலில் வெகுநேரம் நின்று பேசினாள். "இருமே, எங்கயும் போவாதே" என்பது மட்டும் கீழே கேட்டது. திரும்பி இறங்கும்போது இசக்கிசெல்வியைப் பார்க்கவில்லை. "அந்தப் பொண்ணு எங்க இருக்கும்? வடக்குப்பட்டு ரோட்டுல எடம் பாத்துட்டாளாம்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு போனாள்.

அன்றைக்கே மூன்றரை மணிக்கு, லைனிலிருந்து ஐந்து நிமிஷம் கேட்டுக்கொண்டு வெளியே வந்து, பாப்பாவுக்கு மனப்பாடமான அந்த நம்பருக்கு இசக்கிசெல்வி போன் பண்ணினாள். சாதாரண ஆண்குரல் ஒன்று, "யாக்கோபு பேசறேங்க" என்றது.

"பாப்பா நல்லா இருக்கா சார். நான் அவ அம்மா."

அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுத்து உட்காருகிற சத்தம் கேட்டது.

"அப்பாடா" என்றார். "ஒன்பது நாளா சோறு எறங்கலம்மா. லைவ்ல அப்படிக் கேட்டிருக்கவே கூடாது நான். உங்க வீட்டு அடையாளத்தை ஊருக்கே சொல்லவெச்சிட்டேன். உங்களுக்கு ஏதாவது தொந்தரவு வந்துச்சா?"

"எனக்கு வரல சார்" என்றாள் இசக்கிசெல்வி. "வேற ஒருத்திக்கு வந்துச்சு."

சனிக்கிழமை டெம்போ வந்தது. வேல்ராஜ் கட்டிலைத் தூக்கப் போனான். "வேண்டாண்ணே, ஆளு இருக்கு" என்று சந்தனமாரி சொல்லிவிட்டாள். அவன் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓரமாக நின்றான்.

பள்ளிக்கூட ஆயா சொன்ன கெடு அதோடு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே இருவரும் பேசிப் பார்த்தார்கள். வேலையை விடுவது, ஊருக்கு அனுப்புவது என்று ஒவ்வொன்றும் பாதியில் நின்றது. மத்தியானம் வேல்ராஜ்தான், தரையைப் பார்த்துக்கொண்டு, "அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டுப் பாரேன்" என்றான். யாரை என்று இசக்கிசெல்வி கேட்கவில்லை.

பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வடக்குப்பட்டு ரோட்டுக்கு நடந்தாள். கூட்ரோட்டிலிருந்து பத்து நிமிஷம்தான். அதுவும் மாடிதான், வெளிப்பக்கமாக இரும்புப் படி. சந்தனமாரி மேலே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இவள் முதல் படியில் காலை வைத்ததும் திரும்பினாள்.

இசக்கிசெல்வி கேட்க வந்ததைக் கேட்க வாயெடுத்தாள். கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"நாளையிலேருந்து பிள்ளைய விட்டுட்டுப் போ" என்றாள் சந்தனமாரி. "மூணு மணிக்கு அவளோட அப்பன் வந்து கூட்டிட்டுப் போகட்டும். சாயங்காலம் நான் போறதுக்கு முந்தி வந்துரணும்."

"சந்தனம்..."

"நீ மேல வராத."

அவ்வளவுதான். ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

இப்போதும் அப்படித்தான் நடக்கிறது. ஒன்று முப்பதுக்கு இசக்கிசெல்வி அந்த இரும்புப் படிக்குக் கீழே வந்து நிற்பாள். பாப்பா பையை முதுகில் மாட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக ஏறுவாள். மேலே கதவு திறக்கும். ஒரு கை வந்து பிள்ளையை வாங்கிக்கொள்ளும். கதவு சாத்தும் சத்தம் கேட்டபிறகுதான் அவள் பஸ்ஸுக்கு நடப்பாள். அப்படி நின்றதில் இரண்டு தடவை பஸ் போய்விட்டது.